குமரிக் கடற்கரையில் மார்கழி, தை மாதச் செடிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சங்குத்துறையிலிருந்து சொத்தவிளை வரை மணலில் நடப்பது எனக்குப் பல வருடப் பழக்கம். கூட வருபவர்கள் ஒவ்வொரு முறையும் வேறு ஆட்கள். விடுமுறைக்கு ஊர் வந்த உறவுக்காரர்கள், பள்ளிப் பிள்ளைகள், கடற்கரையிலேயே பிறந்து வளர்ந்தும் கீழே குனிந்து பார்க்க நேரம் கிடைக்காதவர்கள் என்று யாராவது வருவார்கள். அதனால் அதே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே வைத்திருக்கிறேன்.

நம்ம ஊர்ல குளிர்காலம்னு ஒண்ணு உண்டா? எப்ப வந்தாலும் கடற்கரை ஒரே மாதிரிதானே கெடக்கு?

குளிர் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. மார்கழி விடியலில் 22, 23 டிகிரி இருக்கும், அவ்வளவுதான். ஆனால் கரையோரச் செடிக்குக் குளிரை விடத் தண்ணீர், காற்று, உப்பு மூன்றும்தான் முக்கியம். நம் மாவட்டத்துக்கு இரண்டு மழைக்காலம். ஜூனில் தென்மேற்குப் பருவம் தொடங்குகிறது, அக்டோபரில் வடகிழக்குப் பருவம். ஆனி, ஆடியில் கச்சான் காற்று கடலைக் கிளப்பும்போது உப்புச் சாரல் பட்டு இலைகளின் ஓரம் கருகிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழை அந்த உப்பைக் கழுவி மணலுக்குள் நல்ல தண்ணீரை இறக்கிவிடும்.

மார்கழி பிறக்கும்போது காற்று தணிந்திருக்கும், நம் மேற்குக் கரையில் கடல் அடங்கியிருக்கும், மணலில் ஈரம் மிச்சம் இருக்கும். டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி நடுவு வரைதான் கரை பச்சையாக இருக்கும் காலம். காலை ஆறரைக்கு வாருங்கள். ஒன்பது மணிக்கு மேல் மணல் சுடும், பூக்களும் வாடத் தொடங்கும்.

மணல்ல படர்ந்து கெடக்க அந்தக் கொடி என்னது? கத்தரிப்பூ நிறத்துல புனல் மாதிரி பூத்திருக்கே?

அது அடம்பு. அடப்பங்கொடி என்றும் சொல்வார்கள். சங்கப் பாட்டுகளில் அடும்பு என்று வருவது இதுதான். இலை நுனியில் நடுவே வெட்டு விழுந்து இரண்டாகப் பிரிந்திருக்கும். அதைப் பார்த்துத்தான் அன்றைய புலவர் மானின் குளம்பு போல என்று சொன்னார். இப்போதும் ஒரு இலையைப் பறித்து ஈர மணலில் அழுத்தி எடுத்துப் பாருங்கள், ஆட்டுக் குட்டி நடந்து போன தடம் மாதிரியே பதியும். பள்ளிப் பிள்ளைகளுக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான்.

பூ விடியலில் விரிந்து, வெயில் ஏறியதும் சுருங்கிவிடும். கொடி கணுவுக்குக் கணு வேர் விட்டுக்கொண்டே போகும். இருபது, முப்பது மீட்டர் நீளம் ஓடிய கொடிகளும் உண்டு. காய்க்குள் இருக்கும் விதைக்கு உரோமம் போர்த்த கெட்டித் தோல். அது கடலில் மிதந்து போய் வேறு கரையில் ஒதுங்கி முளைக்கும். உலகின் வெப்பக் கடற்கரைகளில் பெரும்பாலும் இதே செடியைப் பார்க்க முடிவதற்குக் காரணம் அந்த விதைதான்.

கால்ல குத்துற அந்த முள்ளு உருண்டை எதுல இருந்து வருது?

இராவணன் மீசை என்ற புல்லிலிருந்து. தொட்டுப் பார்த்தவர்களுக்குப் பெயரின் பொருத்தம் தெரியும். இலையெல்லாம் விறைத்து, நுனி ஊசியாக இருக்கும். இதில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. பெண் செடியில்தான் நாலாபக்கமும் முள் நீட்டிய பெரிய உருண்டை உண்டாகும். காய்ந்ததும் அது மொத்தமாகக் கழன்று, காற்றில் மணல் மேல் துள்ளித் துள்ளி உருண்டு போகும். போகிற வழியில் விதை விழும். தை, மாசியில் காற்றடிக்கிற மாலை நேரம் ஐந்தாறு உருண்டைகள் ஒன்றை ஒன்று துரத்துவது போல ஓடும். பிள்ளைகளோடு பிள்ளையாக நானும் பின்னால் ஓடியிருக்கிறேன். செருப்பு மட்டும் மறக்க வேண்டாம்.

நெருஞ்சியும் யானை நெருஞ்சிலும் ஒண்ணுதானா?

இரண்டும் வேறு. நெருஞ்சி தரையோடு படரும், சிறு மஞ்சள் பூ, நட்சத்திரம் போல் முள்ளுக்காய். யானை நெருஞ்சில் சற்றுத் தடித்த, சதைப்பற்றான செடி, பூவும் காயும் பெரிது. சந்தேகம் வந்தால் ஒரு கொத்தைப் பறித்துத் தண்ணீரில் நாலு சுற்று சுற்றுங்கள். தண்ணீர் விளக்கெண்ணெய் மாதிரி கொழகொழத்தால் அது யானை நெருஞ்சில்.

சுத்தி எல்லாம் உப்புத் தண்ணி. இதுக்கு நடுவுல இந்தச் செடிகளுக்குக் குடிக்கத் தண்ணி எங்க இருந்து கெடைக்கு?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. கடலில் இருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் கிணற்றில் நல்ல தண்ணீர் இருப்பதைக் கடற்புறத்து ஊர்களில் எல்லோரும் பார்த்திருப்போம். மழைத் தண்ணீர் மணலில் நேராகக் கீழே இறங்குகிறது. அங்கே கடலின் உப்புத் தண்ணீர் ஊறி நிற்கிறது. உப்புத் தண்ணீர் கனம், மழைத் தண்ணீர் லேசு. அதனால் நல்ல தண்ணீர் அதன் மேல் ஒரு தட்டுப் போல மிதந்து நிற்கும். கணக்கு இப்படி: நல்ல தண்ணீரின் மட்டம் கடல் மட்டத்துக்கு மேலே ஒரு அடி உயர்ந்தால், கீழே ஏறக்குறைய 40 அடி ஆழத்துக்கு நல்ல தண்ணீர் இருக்கும். மோட்டார் வைத்து மேலே இறைக்க இறைக்க, கீழே உப்பு ஏறி வருவதும் இதே கணக்கில்தான்.

மணல்மேடு உயரமாக இருந்தால் அது பிடித்து வைக்கும் மழைத் தண்ணீரும் அதிகம். அடம்பும் இராவணன் மீசையும் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கின்றன. அப்புறம் ஒவ்வொரு செடிக்கும் ஒரு சாமர்த்தியம் உண்டு. சதைப்பற்றான இலையில் சில தண்ணீரைச் சேர்த்து வைக்கும். எருக்கு இலையில் மாவு பூசியது போல் இருப்பதும் ஈரம் போகாமல் இருக்கத்தான். காயல் ஓரத்தில் வளரும் கண்டல் (அலையாத்தி) வகைகளில் சில, உப்பை வேரிலேயே வடிகட்டும். சில, உள்ளே வந்த உப்பை இலை வழியாக வெளியே தள்ளும். அந்த இலையை நக்கினால் கரிக்கும்.

எங்க வீட்டுப் பக்கம் தாழை புதரா நிக்கு. ஆனா ஒரு நாளும் பூ மணத்தது இல்ல. ஏன்?

உங்கள் வீட்டுப் பக்கம் நிற்பது பெண் தாழையாக இருக்கும். இராவணன் மீசை போலவே தாழையிலும் ஆண் வேறு, பெண் வேறு. நாம் தாழம்பூ என்று தலையில் வைப்பது ஆண் மரத்துப் பூவின் மடல். பெண் மரத்தில் மணம் பெரிதாக இருக்காது, அன்னாசி போன்ற காய் தொங்கும். பழுத்தால் ஆரஞ்சு நிறமாகும். ஒரே கிளையை ஒடித்து ஒடித்து நட்ட வேலியாக இருந்தால் வரிசை முழுக்க ஒன்று ஆணாகவே இருக்கும், இல்லை பெண்ணாகவே இருக்கும்.

தாழையைக் கைதை என்றும் சொல்வோம். அனந்த விக்டோரியா மார்த்தாண்டவர்மா கால்வாய்க் கரையில், ஏ.வி.எம். கால்வாய் என்று நாம் சுருக்கிச் சொல்கிற அதன் ஓரத்தில், இன்னும் அடர்ந்து நிற்கிற இடங்கள் இருக்கின்றன. மடலைக் கீறி முள்ளெடுத்துப் பாய் முடைந்த பாட்டிமார் என் சின்ன வயதில் இருந்தார்கள். மணத்துக்குப் பாம்பு வரும் என்று பயப்படுபவர்களுக்கு ஒரு வார்த்தை: பாம்பு வருவது புதரின் நிழலுக்கும் அங்கே இருக்கும் எலி, தவளைக்கும்தான்.

கெழக்க வட்டக்கோட்டைப் பக்கம் ஒரு தினுசா இருக்கு, மேக்க தேங்காப்பட்டணம் பக்கம் வேற தினுசா இருக்கே?

மாவட்டத்தின் கரை மொத்தம் எழுபது கிலோமீட்டர் அளவுதான். ஆனால் ஆரோக்கியபுரத்திலிருந்து நீரோடி வரை போனால் இரண்டு தேசம் பார்த்த மாதிரி இருக்கும். தென்மேற்கு மழை மேற்கே போகப் போகக் கூடும். கிழக்கே மழை குறைவு, வெயிலும் காற்றும் அதிகம். அதனால் லீபுரம், வட்டக்கோட்டைப் பக்கம் பனை, உடைமரம், சப்பாத்திக்கள்ளி, ஆவாரை. தேங்காப்பட்டணம் பக்கம் தென்னை, பூவரசு, கைதை, காயலோரத்தில் ஒதளம். நடுவே மணக்குடியில் பழையாறு கடலில் சேரும் பொழியில் கண்டல் நிற்கிறது. ஒரே நாளில் காலை கிழக்கும் மாலை மேற்கும் பார்த்தால் வித்தியாசம் மனதில் நன்றாகப் பதியும்.

முட்டத்துல மண்ணு செவப்பு, மணவாளக்குறிச்சியில கறுப்பு. அதுல எல்லாம் செடி முளைக்குமா?

முட்டத்துச் சிவப்பு மணல் பழைய தேரி, அதாவது செம்மணல் மேடு. மணல் பரல்களின் மேல் இரும்புத் துரு போர்த்தியதால் வந்த நிறம். மழை அதை அரித்து ஓடைகளாக வெட்டியிருக்கும். அங்கே பனையும் கொல்லாமரமும் (முந்திரி) நன்றாக வரும். தை மாதம் கொல்லாமரம் பூத்து, கிட்டே போனால் இனிப்பான ஒரு மணம் அடிக்கும். ஒரு விஷயம், கொல்லாமரம் நம் மண்ணுக்கு உரியது இல்லை, பிரேசிலிலிருந்து வந்தது.

மணவாளக்குறிச்சியின் கறுப்பு, இல்மனைட் என்ற கனிமத்தின் நிறம். கூடவே கார்னட், ரூட்டைல், சிர்கான், மோனசைட் எல்லாம் உண்டு. மோனசைட்டில் தோரியம் இருக்கிறது. 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் இங்கே மோனசைட்டைக் கண்டுபிடித்த பிறகுதான் இந்த மணலுக்கு உலக மதிப்பு வந்தது. சாதாரண வெள்ளை மணலை விட இவை கனமானவை. அலை வெள்ளை மணலை இழுத்துக்கொண்டு போகும்போது இவை பின்தங்கிப் பட்டை பட்டையாகத் தேங்கிவிடும். அடம்பு இதிலும் படரும். சிரமம் சூடுதான். கறுப்பு மணல் வெயிலை உறிஞ்சிக் கொதிக்கும்போது இளம் நாற்று தாங்காது. அதனால் மார்கழி ஈரத்தில் முளைத்து வெயிலுக்கு முன் வேர் இறக்கிய செடிதான் பிழைக்கும்.

புத்தளம் உப்பளத்துப் பக்கம் செடியெல்லாம் செவந்து கெடக்கு. பட்டுப் போச்சா?

பட்டுப் போகவில்லை, நன்றாகத்தான் இருக்கிறது. அது உமரி. மழை முடிந்ததும் பச்சையாக முளைத்து, தையில் மண் காய்ந்து உப்பு ஏற ஏறச் சிவக்கும். பீட்ரூட்டுக்கு நிறம் தருகிற அதே வகை நிறமிதான் இதிலும் இருக்கிறது, இரண்டும் ஒரே குடும்பத்துச் செடிகள். விடியல் வெயிலில் உப்புப் பாத்தி வெள்ளையும் உமரிச் சிவப்பும் சேர்ந்து தெரிவதைப் பார்க்கவே நான் தை மாதம் அந்தப் பக்கம் போவேன். சில வருடங்கள் பூநாரைகளும் நிற்கும். கிட்டே போகாமல் வரப்பிலேயே நின்று பார்த்தால் அவை பறக்காது.

இதுல எதையாவது திங்க முடியுமா?

உமரியின் இளந்தளிரைக் கீரையாகச் சமைக்கலாம். ஒரு முறை வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் தாளிக்க வேண்டும், கறிக்கு உப்புப் போட வேண்டாம். சாலையோரம் படர்ந்திருக்கும் மூக்கிரட்டையும் கீரைதான். சப்பாத்திக்கள்ளிப் பழத்தை வெறும் கையால் தொடாதீர்கள். கண்ணுக்குத் தெரியாத பொடி முள் நாக்கில் ஏறினால் இரண்டு நாள் அவதி. மணலில் நன்றாக உருட்டி, தீயில் வாட்டி, தோலை உரித்துத்தான் தின்ன வேண்டும்.

ஆனாலும் இந்தக் காலத்தின் உண்மையான தீனி பனங்கிழங்குதான். ஆடி, ஆவணியில் விழுந்த பனம்பழத்துக் கொட்டையைப் புதைத்து, மார்கழி, தையில் பிடுங்கி அவித்தெடுப்பது. பெயர் தெரியாத எதையும் வாயில் வைக்க வேண்டாம். காரணம் அடுத்த பதிலில்.

பிள்ளைங்களைக் கூட்டிட்டு வரணும். எந்தச் செடிக்குப் பயப்படணும்?

முதலில் ஒதளம். மேற்கே காயலோரங்களில் மாங்காய் போலக் காய்த்துத் தொங்கும், வெள்ளைப் பூ, உடைத்தால் பால். அதன் கொட்டை இதயத் துடிப்பையே நிறுத்தக்கூடியது. மாங்காய் என்று நினைத்துப் பிள்ளைகள் எடுத்துவிடக்கூடும் என்பதால் முன்கூட்டியே காட்டிக் கொடுங்கள். அடுத்து செங்காந்தள். கார்த்திகை மாதம் வேலிகளில் தீ எரிவது போல் பூப்பது, மார்கழியிலும் கொஞ்சம் மிச்சம் இருக்கும். நம் மாநில மலர் இது. செடி முழுக்க விஷம், கிழங்கில் இன்னும் அதிகம். குன்றிமணியின் சிவப்பைப் பார்த்துப் பிள்ளைகள் வாயில் போடும், அதுவும் விஷம். எருக்கம்பால் கண்ணில் படக் கூடாது. பட்டால் நல்ல தண்ணீரால் விடாமல் கழுவி, டாக்டரிடம் காட்ட வேண்டும்.

எதையாவது தின்றுவிட்டால் வாந்தி எடுக்க வைக்க முயலாமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தின்ற செடியின் ஒரு கொத்தைக் கையோடு கொண்டு போனால் டாக்டருக்கு உதவும்.

ஆடியில கடல் கரையைத் தின்னுட்டுப் போவுது, மார்கழியில மணல் திரும்பி வருது. இதுக்கும் செடிக்கும் என்ன சம்பந்தம்?

நிறைய சம்பந்தம் உண்டு. ஆனி, ஆடியின் பெரிய அலை கரை மணலை இழுத்துக் கொஞ்ச தூரத்தில் கடலுக்குள் திட்டாகப் போட்டு வைக்கும். காற்று அடங்கிய மாதங்களில் சின்ன அலைகள் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொண்டுவரும். ஆனால் வந்த மணல் கரையில் தங்க வேண்டுமே. காய்ந்த மணலைக் காற்று உள்ளே வீசும்போது, அடம்பின் இலையிலும் இராவணன் மீசையின் தூரிலும் மோதி வேகம் குறைந்து கீழே விழும். கொடி புதையும், மேலே வந்து மறுபடி கணுவில் வேர் விடும், மறுபடி மணல் சேரும். அப்படித்தான் மேடு வளர்கிறது. அடுத்த ஆடியில் கடல் தின்பதற்கு அந்த மேட்டில் மணல் இருந்தால் வீடுகள் வரை வராது.

சேர்க்கிற வேலை நடப்பது இந்த மூன்று நான்கு மாதத்தில்தான். மேற்கே பல ஊர்களில் தடுப்புச் சுவரும், கரையிலிருந்து கடலுக்குள் நீட்டிக் கல் போட்டுக் கட்டும் தூண்டில் வளைவும் போட்டிருக்கிறார்கள். கடல் வீட்டு வாசலுக்கே வந்துவிட்ட ஊரில் வேறு வழி இல்லை, அந்த மக்களின் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் தூண்டில் வளைவு கரையோரமாக நகர்ந்து போகும் மணலை ஒரு பக்கம் பிடித்து வைக்கும்போது, அடுத்த பக்கத்து ஊருக்கு மணல் கிடைக்காமல் போகும். மேடும் கொடியும் இன்னும் மிச்சம் இருக்கும் இடங்களில் அவற்றைக் காப்பாற்றுவதே முதல் வேலை என்பது என் எண்ணம்.

கரையைச் சுத்தம் பண்ணும்போது கொடியை எல்லாம் பிடுங்கிப் போட்டோம். அது தப்பா?

நானும் அதைச் செய்தவன். சில வருடங்களுக்கு முன் பொங்கலுக்குக் கரையை அழகாக்கலாம் என்று எங்கள் பக்கத்துப் பையன்களோடு சேர்ந்து பிளாஸ்டிக்கோடு அடம்பையும் வாரிக் குவித்து எரித்தோம். மணல் துடைத்து வைத்தது போல் இருந்தது, எல்லோரும் பாராட்டினார்கள். மாசிக்குள் மணல் பறந்து தெருவுக்கு வந்துவிட்டது. அந்த ஆடியில் அந்த இடத்தில் மட்டும் கரை ஓர் ஆள் உயரத்துக்கு அறுந்து விழுந்தது. பக்கத்திலேயே கொடி விட்டு வைத்த இடம் அவ்வளவு அறவில்லை. அன்றிலிருந்து எந்தச் சுத்தப் பணிக்குப் போனாலும் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்.

குப்பையைக் கையால் பொறுக்குங்கள். கொடிக்குள் சிக்கிய பிளாஸ்டிக்கையும் வலைத் துண்டையும் பொறுமையாக உருவி எடுங்கள். ஜேசிபி மட்டும் மணலில் இறங்கக் கூடாது. கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளும் மணல்மேடுகளையும் அலையாத்திக் காடுகளையும் கூடுதல் பாதுகாப்புள்ள முதல் வகையில்தான் வைத்திருக்கின்றன.

சுனாமிக்கு அப்புறம் கரையெல்லாம் சவுக்கு நட்டாங்க. அது நல்லதுதானே?

2004 டிசம்பர் 26 அன்று மணக்குடிப் பாலத்தையே அலை பெயர்த்துக்கொண்டு போனதைப் பார்த்த ஊர் நம்முடையது. அந்தப் பயத்தில் வேகமாக வளரும் எதையாவது நட வேண்டும் என்று தோன்றியது இயல்பு. சவுக்குக் காற்றைத் தடுக்கும், உப்பைத் தாங்கும், விறகும் கம்பும் தரும். ஆனால் அதன் உதிர்ந்த ஊசிகள் மெத்தை போல மூடிக்கொண்டால் கீழே அடம்பு, இராவணன் மீசை எதுவும் வராது. மேட்டைக் கட்டுகிற செடி போய்விட்டால் என்ன ஆகும் என்பதை மேலே சொல்லிவிட்டேன். அலை தொடும் வரை நெருக்கமாக நட்டால் ஆமை முட்டையிடும் இடமும் போகும்.

கடலைப் பார்த்த முதல் பட்டையில் கொடியும் புல்லும், அதற்குப் பின்னால் கைதை, சங்கங்குப்பி போன்ற புதர்கள், அதற்கும் பின்னால் புன்னை, பூவரசு, வேண்டுமானால் சவுக்கு என்று வரிசையாக இருந்தால் நல்லது. மரம் எதுவானாலும் பெரிய சுனாமியை நிறுத்தும் என்று யாரும் நம்பிவிடக் கூடாது. எச்சரிக்கை வந்தால் மேட்டுப் பக்கம் ஓடத்தான் வேண்டும்.

ராத்திரி ஆமை பாக்க டார்ச் கொண்டு வரலாமா?

வேண்டாம். நம் கரைக்கு வருவது பங்குனி ஆமை. தை தொடங்கிப் பங்குனி வரை இரவில் ஏறி, மணலில் குழி தோண்டி நூறு முட்டை அளவில் இடும். வெளிச்சம் பட்டால் முட்டையிடாமலே திரும்பிவிடும். குஞ்சுகளும் வெளிச்சத்தைப் பார்த்துக் கடலை விட்டு ரோட்டுப் பக்கம் போய்விடும். முட்டையை எடுப்பது வனவிலங்குச் சட்டப்படி குற்றம். முட்டைக் குழியைக் கண்டால் மிதிக்காமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள். அவர்கள் எடுத்துப் பொரிப்பகத்தில் வைத்து, ஒன்றரை மாதத்துக்கு மேல் கழித்துக் குஞ்சுகளைக் கடலில் விடுவார்கள். அந்த விடியலுக்குப் பிள்ளைகளைக் கூட்டி வாருங்கள்.

எங்க வீட்டு முன்னால கொடி எல்லாம் போயிட்டு. அடம்பைத் திரும்ப நட முடியுமா?

முடியும், செலவே இல்லை. செழித்த கொடியிலிருந்து மூன்று நான்கு கணு உள்ள துண்டாக வெட்டிக்கொள்ளுங்கள். ஒரே இடத்தில் மொட்டையாக வெட்டாமல் அங்கொன்று இங்கொன்றாக எடுங்கள். ஒரு சாண் ஆழம் தோண்டி, ஈர மணல் தெரிந்ததும் இரண்டு கணு புதையும்படி வைத்து, நுனியை வெளியே விட்டு மூடுங்கள். துண்டுக்குத் துண்டு ஒரு முழம் இடைவெளி போதும். ஐப்பசி மழையோடு நட்டால் தண்ணீரே ஊற்ற வேண்டாம். மார்கழியில் நட்டால் இரண்டு வாரம் மாலையில் ஒரு குடம் ஊற்றுங்கள். விதை போடுவதாக இருந்தால் தோலை ஒரு பக்கம் லேசாக உரசிவிட்டு ஓரிரவு ஊறவைத்துப் போடுங்கள், இல்லாவிட்டால் முளைக்க நாளாகும்.

வேர் பிடிக்கும் வரை ஆடுகளும் மோட்டார் பைக்கும் மேலே ஏறாமல் நாலு குச்சி நட்டு பழைய வலையைக் கட்டிவிடுங்கள். வேர் பிடித்ததும் வலையை மறக்காமல் கழற்றிவிட வேண்டும். ஆமை ஏறுகிற காலத்தில் அதில் சிக்கிக்கொள்ளும்.